முந்தி நிற்கும் வம்சம்

அத்தியாயம் 7

"அரை மணி நேரம் லேட்டு" என்றார் மாளிகையின் வாரிசு. வணக்கம் அதற்கப்புறம்தான் வந்தது, அதுவும் பாதி.

துப்பறிவாளருக்கு முகம் விழுந்துவிட்டது. ஊரில் அவரை எல்லோரும் மூக்கர் என்பார்கள். ஆள் அறைக்குள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மூக்கு வந்துவிடும். வந்த இடத்தில் எதையாவது தோண்டி எடுக்காமல் திரும்பிப் போகாது. இருபது வருடத் தொழிலில் எத்தனையோ எத்தர்களுக்கு முன்னால் நிமிர்ந்து நின்ற அந்த மூக்கு, பட்டு மேலங்கியைக் கண்டால் மட்டும் இரண்டு அங்குலம் தாழ்ந்துவிடும். "மன்னிக்கணும் பிரபு" என்று சொல்லிக் கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருகி, அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்.

அவருடைய உதவியாளர் தள்ளவில்லை. அவளுக்குக் கத்திரி என்று பெயர். பேசிக்கொண்டிருப்பவர்களை நடுவில் வெட்டுவதால் வந்த பட்டம். பத்து வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவள். சத்தியம் செய்துவிட்டுச் சொல்லப்படும் பொய்களை நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை வேகத்தில் பிடித்துப் பழகிய கை. அவளுடைய கடிகாரம் நடைபாதையில் வாங்கியது. திருகினால் திருகாணி கையோடு வந்துவிடும்.

"சார், பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. பத்து மணிக்குத்தானே வந்தோம்?" என்று கிசுகிசுத்தாள்.

"பெரிய இடம். அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"பெரிய இடம்னா சூரியன்கூட முன்கூட்டியே வந்து கதவைத் தட்டுமா?"

வாரிசுக்கு ஐம்பது வயதிருக்கும். மேலங்கியின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. அதற்குமேல் கையை மடித்து மறைக்க அவர் படும் பாட்டில் ஒரு கம்பீரம் தானாகவே வந்துவிட்டிருந்தது. வாசல் வளைவின் உச்சியில் இருந்த சுண்ணாம்புச் சேவலைக் காட்டினார். வம்சச் சின்னம். கொண்டை உடைந்து போனதால் பார்ப்பதற்குக் கோழி மாதிரி இருந்தது. அதற்குக் கீழே 'முந்தி நில்' என்று செதுக்கியிருந்தது.

"எங்க வம்சத்துல யாரும் எங்கேயும் லேட்டாப் போனதே கிடையாது. எங்க தாத்தா ஆளுநர் விருந்துக்கு அரை மணி முன்னாடியே போய் நிப்பார். அங்க அப்பத்தான் பெருக்கிக்கிட்டு இருப்பாங்களாம்."

"பெருக்கிக் குடுத்துட்டு வந்தாரா?" என்றாள் கத்திரி.

வாரிசுக்குக் காதில் விழவில்லை. தனக்குக் கீழே உள்ளவர்கள் சொல்வது காதில் விழாமலிருப்பதும் ஒரு பரம்பரைச் சொத்துதான். "இந்த ஊர்தான் சோம்பேறி ஊர். நகராட்சி மணிக்கூண்டே அரை மணி பின்னாடி ஓடுது. நானே மூணு மனு போட்டிருக்கேன். ஒருத்தனும் கண்டுக்கலை."

பேசிக்கொண்டே அவர்களைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

கூடம் முழுக்க விளக்குகளும் வயர்களும். ஒரு மாதமாக அங்கே சினிமாப் படப்பிடிப்பு. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை. பிரபு வீட்டுப் பெண்ணுக்கும் அவள் உருவத்தை வரைய வந்த ஓவியனுக்கும் காதல். ஒரு விடியற்காலையில் ஓடிப்போவதாக இருவரும் பேசி வைக்கிறார்கள். அவள் வந்து நிற்கிறாள். அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் மர்மம். கதை நடந்த வீடு இதுவே. கதைநாயகி மாடியில் உயிரோடு இருக்கிறார். வாரிசுக்கு அத்தை, வீட்டிலுள்ள மற்ற எல்லோருக்கும் பெரியம்மா.

இயக்குநர் வேகமாக வந்தார். அந்த வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு. கலைக்குக் குளிரும் போலிருக்கிறது என்று கத்திரி நினைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடிகாரத்தைப் பாருங்க சார்" என்றார் இயக்குநர். ஆள் உயரத்தில், சுவரோரமாக ஒரு பெண்டுலக் கடிகாரம் நின்றுகொண்டிருந்தது. "நாயகி காத்துக்கிட்டு நிக்கிற காட்சி. நாலு நாளா எடுக்கறோம். பெண்டுலத்தைக் கழட்டிட்டு முள்ளைச் சரியா ஆறுல நிறுத்தி வச்சுட்டுப் போறோம். காலைல வந்தா ஆறரைல நிக்குது! முதல் ரெண்டு நாள் யாரும் கவனிக்கலை. போட்டுப் பாத்தா, நாயகி கடிகாரத்தைப் பாக்கறா, ஆறு. கண்ணுல தண்ணி வருது, ஆறரை. துடைச்சுக்கறா, மறுபடியும் ஆறு. ஜனங்க அழணும் சார், கணக்குப் போடக் கூடாது!"

"பூட்டிப் பாத்தீங்களா?" என்றார் மூக்கர்.

"நேத்தும் முந்தாநேத்தும் பூட்டினோம். அப்பவும் ஆறரை. பேய்னு பேச்சு கிளம்பிடுச்சு."

"பேயா இருந்தா உங்களுக்கு லாபம்தானே?" என்றாள் கத்திரி. "போஸ்டர்ல போட்டுக்கலாம்."

"போடலாம்தான்" என்று இயக்குநர் ஒரு கணம் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு திறந்தார். "ஆனா பெரியம்மா பொறுக்க மாட்டேங்கறாங்க. இன்னொரு தடவை முள்ளு நகர்ந்தா எல்லாரும் மூட்டையைக் கட்டுங்கன்னுட்டாங்க. ஏற்கெனவே அவங்க நிபந்தனையே தாங்க முடியலை. காதல் இருக்கு, மாளிகை இருக்கு, பொணம் மட்டும்தான் இல்லை. அண்ணன்காரன் ஓவியனைச் சுட்டுட்டான்னு வச்சா அருமையா முடியும். விட மாட்டேங்கறாங்க. வெளிச்சத்துல வேற தகராறு. அந்த மாசத்துல ஆறு மணிக்குக் கிழக்கு வெளுத்திருக்கும்னு கேமராமேன் சத்தியம் பண்றார். இல்லை, கும்மிருட்டுன்னு பெரியம்மா. பட்டவங்க சொல்றப்ப என்ன பண்ண முடியும்? இருட்டுலதான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

பெரியம்மாவைப் பார்க்க மாடிக்குப் போனார்கள்.

எழுபத்தோரு வயது. ஜன்னலோர நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு முதுகு இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையோ என்று தோன்றும். பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. மூக்கர் வளைந்து வணங்கி, தன் வெற்றிகளைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல வாயெடுத்தார்.

"பேயாவது பிசாசாவது" என்று பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். வெட்டுவதில் தனக்கொரு மூத்த அக்கா கிடைத்துவிட்டதாகக் கத்திரிக்கு ஒரே மகிழ்ச்சி. "அந்த முள்ளை யாரோ என்னைக் குத்தத்தான் தள்ளி வைக்கறாங்க. யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அவங்க மூஞ்சியை நான் பாக்கணும்."

"உங்களை எதுக்கும்மா குத்தணும்?" என்று கத்திரி கேட்டாள்.

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசு. என் படம் எழுத வந்தான். பன்னெண்டு நாள் இந்த வீட்டுலயே தங்கி எழுதினான். ஊருக்குப் போய் லெட்டர் போட்டான், வேலைக்காரி மூலமா. இன்ன தேதி, காலைல ஆறு மணி, பின்பக்கக் கேட்டு. ராத்திரிக் காவக்காரன் ஆறு மணிக்குச் சாவியை ஒப்படைக்க உள்ள போவான். பகல் காவக்காரன் ஆறே காலுக்கு வருவான். அந்தக் கால் மணிதான் எங்களுக்கு. ஹால் கடியாரம் ஆறு அடிச்சதும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு இறங்கினேன். கேட்டைத் திறந்து வெளியில நின்னேன். பொட்டு வெளிச்சம் கிடையாது. என் கையே எனக்குத் தெரியலை. அவன் வரலை. காவக்காரன் செருமற சத்தம் கேட்டதும் உள்ள வந்துட்டேன்."



"அதுக்கப்புறம் ஒம்போது லெட்டர் வந்துது. ஒம்போதையும் பிரிக்காமத் திருப்பி அனுப்பினேன். பத்தாவது வரலை. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி செத்துட்டான்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க, ரெண்டே வரி. கல்யாணமே பண்ணிக்கலையாம். யாரு பண்ணிக்குவா, சொன்ன நேரத்துக்கு வராதவனை?"

"படத்துல அவர் வர்ற மாதிரி வச்சா என்னம்மா? இல்லேன்னா வழியில செத்துட்ட மாதிரி?"

"செத்தான்னு காட்டினா அவன் வராததுக்கு ஒரு நியாயம் கிடைச்சுடும்டி. அவனுக்கு நியாயமே கிடையாது. அவன் வரலை, அவ்வளவுதான். அது ஊருக்குத் தெரியணும், நான் இருக்கறப்பவே தெரியணும். அதுக்குத்தான் இந்தக் கூத்தாடிக் கூட்டத்தை வீட்டுக்குள்ள விட்டேன்." குரல் சற்றே இறங்கியது. "ஆனா நாப்பத்தெட்டு வருஷமா உள்ளுக்குள்ள ஒண்ணு கேட்டுக்கிட்டேதான் இருக்கு. கால் மணிதானே நின்னே, இன்னும் கொஞ்சம் நின்னிருக்கக் கூடாதான்னு. தினம் காலைல அந்த முள்ளு ஆறரைக்குப் போய் நிக்கறப்ப, அந்தக் கேள்விக்குக் கை முளைச்ச மாதிரி இருக்கு."

படியிறங்கும்போது கத்திரி வாயைத் திறக்கவில்லை. மூக்கருக்கே அது பயமாக இருந்தது.

கூடத்தில் மூக்கர் வேலையைத் தொடங்கினார். கடிகாரத்தை முன்னால் முகர்ந்தார், பின்னால் முகர்ந்தார். தரையில் மண்டியிட்டார். நாயகியாக நடிக்கும் பெண் தன்னைக் கவனிக்கிறாள் என்று தெரிந்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். அரை மணி நேரத் தேடலில் ஒரு கொண்டை ஊசி கிடைத்தது. அது அந்தப் பெண்ணுடையது.

"ஒண்ணு கவனிச்சியா கத்திரி? இந்த வீட்டுல கடிகாரங்களோட ஒழுங்கே ஒழுங்கு. நடையில ஒண்ணு, சாப்பாட்டு அறையில ஒண்ணு, மாடிப்படியில ஒண்ணு. மூணும் என் கடிகாரத்தோட நொடி பிசகாம ஒத்துப் போகுது."

"என்னோடது ஒத்துப் போகலையே சார்."

"உன்னோடது நடைபாதை."

"நடைபாதைதான். ஆனா காலைல பஸ்ல ஏறறப்ப ரெண்டும் ஒரே நேரம் காட்டிச்சே. என் கடிகாரம் பஸ்ல வர்றப்ப அரை மணி தூங்கிடுச்சா?" அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடையின் ஜன்னலோரம் நிறுத்தினாள். மரங்களுக்கு அப்பால் நகராட்சி மணிக்கூண்டு தெரிந்தது. மணிக்கூண்டு பதினொன்று பத்து. கத்திரியின் கடிகாரம் பதினொன்று பத்து. மூக்கருடையது பதினொன்று நாற்பது.

"வந்ததும் அந்த ஆளு லேட்டுன்னாரு. நீங்க முள்ளைத் தள்ளினீங்க."

மூக்கர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணிக்கூண்டைப் பார்த்தார். சாட்சியே குற்றவாளிக்கு உடந்தையாக இருந்துவிட்டதே என்று மூக்கு சிவந்தது. அடுத்த நிமிடமே அது பழைய உயரத்துக்கு எழுந்தது. "அப்படின்னா ஊரு பின்னாடி ஓடலை. வீடுதான் முன்னாடி ஓடுது!"

வாரிசைத் தேடிப் பிடித்தார்கள்.

"இந்த வீட்டுக் கடிகாரங்களுக்கெல்லாம் யாரு பிரபு சாவி குடுக்கறது?"

"அதுவா? சாவிக்காரன்."

"ராத்திரி ஹாலைப் பூட்டறது?"

"சாவிக்காரன்."

"ஹால் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"ரெண்டு பேர்கிட்டதான். என்கிட்ட ஒண்ணு, டைரக்டர்கிட்ட ஒண்ணு."

கத்திரி மூன்று விரலைக் காட்டினாள். வாரிசுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது உண்மையாகவே திகைத்துப் போனார். "அவனையுமா கணக்குல சேக்கணும்?"

சாவிக்காரர் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து பூட்டு ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது. இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. அதன் கனத்தில் உடம்பே ஒரு பக்கமாகச் சாய்ந்து பழகியிருந்தது.

"ஹால் கடிகாரத்துல முள்ளை நகர்த்தினது நீங்களா பெரியவரே?" என்றார் மூக்கர், ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சிரமப்பட்டுப் பிடுங்கப் போகிறவரின் தோரணையில்.

"ஆமாங்க" என்றார் சாவிக்காரர்.

மூக்கருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அப்ப ஏன் நாலு நாளாச் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே. பேயைத்தான் கேட்டாங்க."

"எதுக்கு நகர்த்தினீங்க?"

சாவிக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இது உத்தரவுங்க. பெரியம்மாவோட தாத்தா எங்கே போனாலும் அரை மணி லேட்டாப் போவாராம். ஆளுநர் ஒரு நாள் மூஞ்சிக்கு நேரா ஏதோ சொல்லிட்டார். பிரபுவோட சம்சாரம் பாத்தாங்க. புருஷனைத் திருத்த முடியாது, கடியாரத்தைத் திருத்திடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அப்ப இருந்த சாவிக்காரரைக் கூப்பிட்டு, எல்லாக் கடியாரத்தையும் அரை மணி முன்னாடி வை, வீட்டு ஆளுங்க யாருக்கும் மூச்சு விடாதேன்னுட்டாங்க. அவர் அடுத்த சாவிக்காரர்கிட்டச் சொல்லிச் சாவியைக் குடுத்தாரு. அவர் என்கிட்டச் சொல்லிக் குடுத்தாரு."

"அந்தப் பிரபு செத்து எத்தனை வருஷம்?"

"எழுபது இருக்குங்க. நிறுத்துன்னு யாரும் சொல்லலையே."

கத்திரி சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். லேட்டாகப் போன தாத்தா நேரத்துக்குப் போனார். நேரத்துக்குப் போகிற மகனும் பேரனும் அரை மணி முன்னால் போய்த் துடைப்பத்துக்கு நடுவில் நின்றார்கள். ஒரு மனைவியின் தந்திரம் மூன்று தலைமுறையில் பரம்பரைப் பெருமையாகிவிட்டது, சேவல் வைத்துச் செதுக்கும் அளவுக்கு.

"ஆனா இது நின்னு போன கடிகாரமாச்சே" என்றார் மூக்கர். "இதை ஏன் மாத்தினீங்க?"

"சினிமாக்காரங்க ஆறு வச்சுட்டுப் போனாங்க. அவங்க ஊர்க்காரங்க, அது ஊர் ஆறு. ஊர்ல ஆறுன்னா வீட்டுல ஆறரை. அதான் சரியா வச்சேன்."

மூக்கருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மர்மம் உடைந்திருக்கிறது! எல்லோரையும் கூடத்தில் கூட்டச் சொன்னார். துப்பறிபவர்களுக்கு உண்மை தெரிந்தால் மட்டும் போதாது, அதை நாலு பேரை உட்கார வைத்துச் சொன்னால்தான் செரிக்கும். இயக்குநர் பழக்க தோஷத்தில் விளக்குகளையும் போடச் சொல்லிவிட்டார். வாரிசு வந்தார். சாவிக்காரர் கதவோரம் நின்றார். பெரியம்மா படியிறங்கி வந்து, நடிகர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில், அதிலும் முதுகு சாயாமல் உட்கார்ந்தார்.

கத்திரி ஒரு மூலையில் நின்று வழக்கம்போல் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டிருந்தாள். மூக்கர் தாத்தாவில் ஆரம்பித்தார். ஆளுநருக்கு வந்தார். வாரிசு இடையில் இருமினார். எல்லாம் கோடுகளாகவும் கொக்கிகளாகவும் தாளில் விழுந்துகொண்டிருந்தன. ஊர் ஆறு, வீட்டு ஆறரை. கை அதை எழுதியது. எழுதிய இடத்திலேயே பென்சில் நின்றது.

கும்மிருட்டு. என் கையே எனக்குத் தெரியலை.

கேமராமேன் பொய் சொல்லவில்லை. பெரியம்மாவும் பொய் சொல்லவில்லை. அந்த ஓவியன் லெட்டரை ஊரிலிருந்து எழுதினான்.

"சார்" என்றாள்.

"குறுக்க வெட்டாதே. ஆக, இந்த வீட்டின் ஒவ்வொரு கடிகாரமும்..."

"சார், போதும் சார். முடிச்சுக்குங்க." அவர் மேல்சட்டையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை அவரை வெட்டியிருக்கிறாள், அவரும் வெட்டுப்பட்டிருக்கிறார். ஆனால் உச்சக்கட்டத்தில் மட்டும் அவர் வெட்டுப்பட மாட்டார்.

"ஆகவே பெரியம்மா! உங்களை யாரும் குத்தலை. விஷயம் ரொம்பச் சின்னது. இந்த வீட்டுல ஆறு மணின்னா, ஊர்ல அஞ்சரைதான்!"

கையை விரித்தபடி நின்றார். யாரும் கை தட்டவில்லை. விளக்குகள் மட்டும் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தன.

"அஞ்சரை" என்றார் பெரியம்மா.

மூக்கரின் கைகள் மெதுவாக இறங்கின. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

பெரியம்மா கதவுப் பக்கம் திரும்பினார். "நீ அப்ப கேட்டுலதானே இருந்தே? சாவிக்கார வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி?"

"ஆமாம்மா. பகல் காவல். ஆறே காலுக்கு வருவேன்."

"என் படத்தை எழுதி முடிச்ச வருஷம். பனிக்காலம். ஒரு நாள் காலைல கேட்டுக்கிட்ட யாராவது வந்தாங்களா?"

சாவிக்காரர் இடுப்புக் கொத்தில் ஒரு சாவியைத் தடவினார். ஞாபகத்தைத் தேடுகிறவராகத் தெரியவில்லை. இருப்பதை எடுத்துக் கொடுக்கலாமா என்று பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

"வந்தாரும்மா. நம்ம கடியாரத்துல ஆறரை அடிச்சுது, அப்ப. பனி கொட்டிக்கிட்டிருந்துது, ஆளு மூஞ்சிகூடச் சரியாத் தெரியலை. தோள்ல ஒரு மரப்பெட்டி. சலுகை கேட்டு வர்றவங்க அந்த நாள்ல கேட்டுல நிறையப் பேரு நிப்பாங்க. அந்த மாதிரின்னு நினைச்சுட்டேன்."

"என்ன கேட்டார்?"

"யாராவது வந்து நின்னாங்களான்னு கேட்டாரு. இல்லையேன்னேன். நான் பாக்கலைம்மா. நான் வந்தப்ப அங்க யாரும் இல்லை."

"இல்லை. நான் உள்ள வந்துட்டேன்." பெரியம்மாவின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. மடியில் கிடந்த கைகள் மட்டும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டன. "எவ்வளவு நேரம் நின்னார்?"

"வெயில் ஏறற வரைக்கும். போங்கன்னேன், போகலை. அடுத்த நாளும் வந்தாரு. அதுக்கு அடுத்த நாளும். மூணு நாள்."

"அந்த மூணு நாளும் நான் ஜன்னலைக்கூடத் திறக்கலை."

"நேரத்தைச் சொல்லியிருக்கணுமாம்மா நான்?" சாவிக்காரரின் கை இடுப்புக் கொத்தைப் பிடித்துக்கொண்டது, அது சத்தம் போடாமலிருக்க. "யாருக்கும் சொல்லாதேன்னு உத்தரவு."

"உன்னை யாரு கேட்டா? நான் கேட்டேனா? கேட்டிருந்தா சொல்லியிருப்பே."

வாரிசு தொண்டையைச் செருமினார். "அத்தை, இது வெளியில போனா... நம்ம வம்சத்துக்குன்னு ஒரு பேரு இருக்கு, முந்தி நிக்கறவங்கன்னு..."

"முந்திதான்டா நின்னேன்" என்றார் பெரியம்மா. "முந்தியே உள்ளேயும் வந்துட்டேன்."

இயக்குநரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. கம்பளித் துண்டைக் கழற்றிவிட்டார், கலைக்கு வேர்த்துவிட்டது. "மேடம்! அரை மணி நேரம்! பொணமே வேண்டாம், இது போதும்! கடைசிக் காட்சியில ரெண்டு கடிகாரத்தையும் பக்கத்துல பக்கத்துல..."

"சத்தம் போடாதீங்க" என்றார் மூக்கர். கத்திரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய இடத்தில் வைத்து அவர் ஒருவரை அதட்டி அவள் பார்த்ததில்லை. அவர் யாரையும் பார்க்காமல், கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "பெரியம்மா, நான் மாடிக்கு வந்து உங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

"மாடியில சொன்னா மட்டும் அஞ்சரை ஆறாயிடுமா?" என்ற பெரியம்மா இயக்குநர் பக்கம் திரும்பினார். "உங்க பேப்பரை மாத்திக்குங்க. அவர் வரணும். வந்து கேட்டுல நிக்கணும், பெட்டியோட. மூணு நாளும் எடுங்க. அந்தப் பொண்ணு நிக்கக் கூடாது. அவதான் வரலை."

"மேடம், நாயகியே வராம எப்படிப் படத்தை முடிக்கிறது?"

"நான் அப்படித்தான் முடிச்சேன்."

இயக்குநர் தலையாட்டினார்.  ஒவ்வொரு விளக்காக அணைத்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள்; வாரிசு மனு எழுதிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார். மூக்கர் கதவைத் தாண்டியதும் கத்திரியும் நோட்டை மூடினாள். அன்றைய குறிப்பு அரை வாக்கியத்தோடு நின்றிருந்தது. அவள் அதை முடிக்கவில்லை.

அவள் வாசற்படியை எட்டும்போது பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது. சாவிக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்கிறார்.

"மூணாம் நாள் வந்தப்ப என்ன சட்டை போட்டிருந்தார்?"

கத்திரி நின்றாள். நாற்பத்தெட்டு வருடம். பனி. முகமே தெரியவில்லை என்று இப்போதுதான் சொன்னார் அந்த மனிதர். கேட்டதற்கு உள்ளதை மட்டும் சொல்லி, கேட்காததைச் சொல்லாமலே காலம் தள்ளிவிட்டவர்.

சாவிக்காரர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"நீலம்மா" என்றார்.

"நீலமா?" பெரியம்மாவின் முதுகு மெல்ல, மெல்ல, நாற்காலியில் சாய்ந்தது. "நீலம் அவருக்கு எடுக்காதே."

"அன்னிக்கு எடுத்துச்சும்மா" என்றார் சாவிக்காரர்.